புளியரை ஏற்றத்தில் போன டர்போ

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்குக் களக்காடு பக்கம். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறேன். 2018 மாடல், டீசல், பாரத் ஸ்டேஜ் 4. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏத்தன் (நேந்திரன் வாழை) தார் ஏற்றிக்கொண்டு தென்காசி, செங்கோட்டை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போவதுதான் பிழைப்பு. போன வாரம் புளியரை ஏற்றத்தில் திடீரென்று இழுவை போய்விட்டது. இரண்டாவது கியரிலும் ஏற மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரே புகை. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ரேஸ் கொடுத்தால் சைரன் மாதிரி ஒரு சத்தம் வந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பி, மெதுவாகச் செங்கோட்டை வரை கொண்டுவந்துவிட்டேன். ஆயில் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. மூன்று வாரம் முன்புதான் ஆயில் மாற்றினேன். அப்போது டர்போவுக்குப் போகிற ஆயில் பைப்பில் கசிவு என்று கழற்றி, பேஸ்ட் போட்டு மாட்டினார்கள். இப்போது காட்டிய ஒர்க் ஷாப்பில், "டர்போ போச்சு, ஓவர்லோடுதான் காரணம், புதுசு போட 38,000 ஆகும்" என்கிறார்கள். இன்னொருவர் பழையதையே ரீகண்டிஷன் செய்து 14,000-க்குத் தருகிறேன் என்கிறார். ஓணம் வருகிறது, வண்டி நின்றால் கஷ்டம். எதைப் போடட்டும்? நன்றாக ஓடிய வண்டிக்குத் திடீரென்று ஏன் இப்படி?

பதில்:

தம்பி, வணக்கம். 38 ஆயிரமா 14 ஆயிரமா என்பதைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். வண்டி செங்கோட்டையில் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தைக் கேட்டுப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது இழுவை போன கதை இல்லை, அந்த வண்டியைச் செங்கோட்டை வரை ஓட்டி வந்த கதை. மூன்று வாரத்துக்குள் ஆயில் கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கிறது. அந்த ஆயில் எங்கே போகும்? கொஞ்சம் எரிந்து புகையாகியிருக்கும். மீதி, வெளியேறும் புகையால் சுற்றி எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வழியாகக் கசிந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலருக்குள்ளும் அதன் ஹோஸ் பைப்புகளிலும் தேங்கி நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே போகும் காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். காற்றோடு வந்தது டீசலா எஞ்சின் ஆயிலா என்று அது பார்க்காது. இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை எஞ்சின் இழுக்க ஆரம்பித்தால், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே ரேஸ் ஏறும். சாவியைத் திருப்பினால் டீசல்தான் நிற்கும், எஞ்சின் நிற்காது. தன்னுடைய ஆயிலையே குடித்துக்கொண்டு, அது தீர்கிற வரைக்கும் அல்லது கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும் கத்திக்கொண்டே இருக்கும்.

இது எல்லா டர்போ வண்டிக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படி எஞ்சின் கைமீறிப் போனால், டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும். காற்று போகும் வாயைக் கனமான பலகை வைத்து அடைத்தாலும் அடங்கும். ஆனால் கையை வைத்து மூடப் போகக் கூடாது, துணியைத் திணிக்கவும் கூடாது, உள்ளே இழுத்துவிடும். இதற்கெல்லாம் அவகாசமே இல்லை என்றால் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி நீங்களும் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

சரி, இனி புகைக்கு வருவோம். "ஒரே புகை" என்று எழுதியவர் என்ன நிறம் என்று எழுதவில்லையே! வண்டியில் கூட வந்த லோடுமேனிடமோ பின்னால் ஏறி வந்த வண்டிக்காரரிடமோ கேட்டுப் பாருங்கள். கறுப்பா, நீலமா? பாதி வழக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

கரும்புகை என்றால் டீசல் ஒழுங்காகப் போகிறது, காற்றுதான் போதவில்லை என்று அர்த்தம். அந்த மாதிரி வண்டிகளில் டர்போ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கும், இல்லை கிளிப் கழன்று வாய் விலகியிருக்கும். "டப்" என்று ஒரு சத்தம் கேட்டு இழுவை போகும், பிறகு ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் "புஸ்" என்று காற்று போகிற சத்தம் வரும். முழு லோடில் ஏற்றம் ஏறும்போதுதான் ஹோஸுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்பதால் கிழிவதும் பெரும்பாலும் புளியரை மாதிரி இடத்தில்தான். ஓட்டுகிறவருக்கு அது டர்போ போனது போலவே தெரியும். ஹோஸின் அடிப்பக்கம் கிழிந்திருந்தால் மேலே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு ஹோஸுக்கும் இரண்டு கிளிப்புக்கும் ஆகிற செலவில் முடிய வேண்டிய வேலைக்கு டர்போவையே மாற்றிய வண்டிகள் நம் ஜில்லாவில் எத்தனையோ ஓடுகின்றன.

புகையே இல்லாமல் இழுவை மட்டும் போய், எஞ்சின் செக் லைட் எரிந்தால் அது வேறு கதை. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஆக்சுவேட்டருக்குப் பென்சில் கனத்தில் சின்ன ரப்பர் பைப் ஒன்று போகும். வாழைத்தார் ஏற்றுகிற வண்டியில் எலி வராமல் இருக்குமா? அது அந்தப் பைப்பைக் கடித்துவைத்தால் அழுத்தம் தாறுமாறாகும். உடனே வண்டியின் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற இழுவையைப் பாதியாகக் குறைத்துவிடும். ஸ்கேனர் போட்டால் பி0299 என்றோ பி0234 என்றோ ஒரு பழுது எண் வரும். முதலாவது அழுத்தம் குறைவு, இரண்டாவது அழுத்தம் அதிகம். ஏன் குறைந்தது, ஏன் கூடியது என்று ஸ்கேனர் சொல்லாது. பழுது எண் வந்துவிட்டது, அதனால் டர்போ அவுட் என்று சொல்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

உங்கள் வண்டி விஷயத்தில் ஹோஸ், எலி இரண்டையும் நான் கடைசியில்தான் வைப்பேன். சைரன் சத்தமும் ஆயில் குறைந்ததும் சேர்ந்து வந்திருக்கின்றன. லோடுமேன் "நீலமா, கண் எரிகிற மாதிரி புகை" என்று சொன்னால் டர்போவின் ஷாஃப்ட்தான் (புகைப் பக்கச் சக்கரத்தையும் காற்றுப் பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற தண்டு) போயிருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

அந்த ஷாஃப்ட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். உங்கள் எஞ்சின் எவ்வளவு விரட்டினாலும் நிமிடத்துக்கு 4,000 சுற்றைச் சுற்றித்தான். டர்போ ஷாஃப்டோ ஒரு லட்சத்தைத் தாண்டும். சின்ன டர்போ என்றால் இரண்டு லட்சத்தைக்கூட நெருங்கும். அந்த வேகத்துக்கு இரும்பும் இரும்பும் உரசினால் தாங்காது. அதனால் பெரும்பாலான டர்போக்களில் குண்டு பேரிங் கிடையாது, புஷ் என்கிற ஒரு உலோக வளையத்துக்குள் ஆயில் படலத்தின் மேல் ஷாஃப்ட் மிதக்கிறது. அந்த ஆயில் எஞ்சினிலிருந்து மெல்லிய பைப் வழியாக அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போவது அகலமான பைப் வழியாக, அழுத்தம் ஏதும் இல்லாமல் தானாகக் கீழே இறங்கி. ஏற்றத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை 600, 700 டிகிரிப் புகை சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆயில் சில விநாடி நின்றாலும் புஷ் தேயும். ஷாஃப்ட் ஆட்டம் காணும். பிளேடு நுனிகள் கூட்டின் சுவரை உரசும். நீங்கள் கேட்ட சைரன் அதுதான். அந்த இரண்டு நாளில் வண்டியை நிறுத்தியிருந்தால் இவ்வளவு ஆயில் இன்டர்கூலருக்குப் போயிருக்காது.

எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே பார்க்கலாம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வருகிற ஹோஸைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னச் சின்னப் பிளேடுகளோடு ஒரு சக்கரம் தெரியும். அதன் நடுவில் ஒரு நட்டு இருக்கும். முதலில் அந்த நட்டு இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் அது இன்டர்கூலருக்குள்தான் கிடக்கும். இருந்தால் அதை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கொஞ்சம் ஆடும். அது சரிதான், ஆயில் படலத்துக்கான இடம் அது. பலர் இந்த ஆட்டத்தைக் காட்டித்தான் டர்போ போச்சு என்கிறார்கள். அசைக்கும்போது பிளேடு சுவரில் போய்த் தட்டக் கூடாது, அவ்வளவே. அடுத்து நட்டை உங்களை நோக்கி இழுத்து, திரும்ப உள்ளே தள்ளிப் பாருங்கள். இந்தத் திசையில் கைக்குத் தெரிகிற ஆட்டமே இருக்கக் கூடாது. "டக் டக்" என்று வந்து போனால் ஷாஃப்ட் போய்விட்டது. கூட்டின் சுவரில் வட்டமாகப் புதிதாய்ச் சுரண்டிய பளபளப்பு இருந்தாலும் அதே தீர்ப்புதான். உள்ளே லேசாக ஆயில் ஈரம் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறுகிற பிரீதர் பைப் வழியாக வருகிற ஈரம் நல்ல வண்டியிலும் இருக்கும். குளம் கட்டி நின்றால்தான் குற்றம்.

டர்போ போனது உறுதியானால், 38 ஆயிரம் சொன்னவரானாலும் 14 ஆயிரம் சொன்னவரானாலும், பழைய டர்போவை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். டர்போவை எது கொன்றது என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். கொன்றதைக் கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டினால் அதே காரணம் புதுசையும் கொல்லும், சில சமயம் ஸ்டார்ட் செய்த அன்றைக்கே.

ஷாஃப்டைப் பனியன் வேஸ்டால் நன்றாகத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புஷ் உட்காரும் இடம் நீலம் பாய்ந்து, அல்லது கறுத்து, புஷ்ஷின் உலோகம் அதில் உருகி ஒட்டியிருந்தால் ஆயில் வரவில்லை என்று பொருள். நிறம் மாறாமல், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற கோடுகள் மட்டும் இருந்தால் ஆயில் வந்திருக்கிறது, அழுக்கோடு வந்திருக்கிறது. ஆயில் ஓடுகிற துவாரங்களில் கரி கெட்டியாகப் படிந்திருந்தால் சூட்டோடு சூடாக எஞ்சினை நிறுத்துகிற பழக்கம், இல்லாவிட்டால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய பழக்கம். காற்றுப் பக்கப் பிளேடுகளின் முன் விளிம்பு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது. புகைப் பக்கப் பிளேடுகள் கடிபட்டிருந்தால் நிலைமை மோசம். அந்தப் பக்கம் எது வந்தாலும் எஞ்சினுக்குள்ளிருந்துதான் வர முடியும். நாசில் முனையோ, வால்வுத் துண்டோ, பிஸ்டன் ரிங்கோ. அப்போது டர்போவை மறந்துவிட்டு முதலில் ஹெட்டைத் திறக்க வேண்டும்.

என் சந்தேகம் முழுக்க அந்தப் பேஸ்ட் மேல். டர்போவுக்கு ஆயில் நுழைகிற துவாரம் சில மில்லிமீட்டர் அகலம்தான். அந்த இணைப்பில் பேஸ்டைப் பிழிந்து இறுக்கினால், வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதை மெக்கானிக் விரலால் வழித்துவிடுவார், உள்ளே பிதுங்கியதை யார் வழிப்பது? அது காய்ந்து ரப்பர் நூலாகத் தொங்கும். சூடான ஆயில் மோதி மோதி ஒருநாள் பிய்த்துக்கொண்டு போய்த் துவாரத்தின் குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அன்றைக்கே போகாமல் மூன்று வாரம் கழித்துப் போகிறது, அதுவும் "திடீரென்று". அந்த இடத்தில் போட வேண்டியது பேஸ்ட் இல்லை. நடுவில் ஓட்டையுள்ள போல்ட் என்றால் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர், போல்ட் போட்டு இறுக்குகிற தட்டையான பிளேஞ்ச் என்றால் அதற்கான கேஸ்கட். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசியத்தான் செய்யும். கசிந்தால் பேஸ்ட் தேடத்தான் தோன்றும்.

கழற்றும்போது பேஸ்ட் கீழே திரும்புகிற பைப்பின் பிளேஞ்சிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே அடைத்தால் விளைவு வேறு மாதிரி. டர்போவில் ஆயிலைத் தடுக்க ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம்தான். ஆயில் தங்குதடையின்றிக் கீழே இறங்கினால்தான் அந்த வளையத்தால் தாக்குப்பிடிக்க முடியும். இறங்க வழியில்லாமல் தேங்கினால் இரண்டு பக்கமும் வழிந்து நீலப்புகையாக வரும், டர்போ நன்றாக இருந்தாலும்கூட. பிரீதர் அடைத்தாலோ எஞ்சினில் பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற அழுத்தம்) அதிகமானாலோ இதேதான் நடக்கும். ஆனால் அப்போது சைரன் சத்தம் வராது. உங்களுக்குச் சத்தம் வந்திருக்கிறது, அதனால் மேல் பைப்பைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

ஒர்க் ஷாப்காரர் சொன்ன ஓவர்லோடு? ஏற்றவில்லை என்று நீங்களும் எழுதவில்லை, பார்த்தேன்! ஓவர்லோடு டர்போவைச் சூடாக்கும், ஆயுளைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயில் பைப்பைக் கழற்றி மாட்டிய மூன்றாவது வாரத்தில் சரியாகக் கொல்லுகிற வேலை அதற்குத் தெரியாது. கேட்பவரின் வாயை அடைக்க ஓவர்லோடு மாதிரி வசதியான பதில் வேறு இல்லை, அதனால் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள்.

ஓவர்லோடைவிட நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. அம்பை, கடையம், தென்காசி வரை வண்டி சுகமாக வரும். செங்கோட்டை தாண்டிப் புளியரையில்தான் அதற்கு நாக்குத் தள்ளும். அந்த ஏற்றத்தை மூச்சுப் பிடித்து ஏறி முடித்ததும், செக்போஸ்ட் வரிசையைப் பார்த்தவுடன் டீசலை மிச்சம் பிடிக்கச் சாவியைத் திருப்பிவிடுகிறீர்களா? டர்போ அப்போது உச்சச் சூட்டில் இருக்கிறது, ஷாஃப்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நின்றால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். உள்ளே நிற்கிற கொஞ்ச ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும். ஏறி முடித்தபின் ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்துங்கள். டீக்கடையில் நிறுத்தினாலும் அப்படியே. மிச்சமாகிற டீசல் ஒரு டீக்குக்கூடக் காணாது.

புது டர்போவோ ரீகண்டிஷனோ, மாட்டும் முன் செய்ய வேண்டியவற்றில் ஒர்க் ஷாப்காரர்கள் அடிக்கடி விட்டுவிடுவது இன்டர்கூலர். அதைக் கழற்றி, உள்ளே உள்ள ஆயிலைக் கவிழ்த்து வடித்து, மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் குலுக்கிக் கழுவி, காற்றடித்துச் சுத்தமாகக் காயவைக்க வேண்டும். கழுவிய மண்ணெண்ணெய் உள்ளே தங்கினாலும் எஞ்சின் அதையும் இழுத்து எரிக்கும், ஜாக்கிரதை. பிளேடு உடைந்திருந்து, கழுவி ஊற்றுவதில் அலுமினியத் துகள் மினுங்கினால் இன்டர்கூலரையே மாற்றிவிடுங்கள். அதன் மெல்லிய குழாய்களில் மாட்டிய துகள் எத்தனை கழுவினாலும் முழுக்க வராது, பிறகு ஒவ்வொன்றாகப் பிஸ்டனுக்குப் போகும். ஹோஸ்களையும் அப்படியே கழுவுங்கள்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும், மூன்று வாரம்தானே ஆகிறது என்று பார்க்க வேண்டாம். ஆயில் கேனின் மேல் உள்ள கிரேடு உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள கிரேடுதானா என்று நீங்களே படித்துப் பாருங்கள். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றுகிற ஆயில் வேண்டாம். டர்போவுக்குப் போகும் மெல்லிய பைப்பைச் சுத்தம் செய்து போடுகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாமல் புதுசே வாங்குங்கள், உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கிற சம்பைக் கழற்றி, ஆயில் உறிஞ்சுகிற வலையில் பேஸ்ட் துணுக்கோ கசடோ இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். 1,60,000 ஓடிய எஞ்சின் என்பதால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆயில் நிறைய எரிந்திருப்பதால் சைலன்சர் வரிசையில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புகை வெளியேற வழியில்லாவிட்டால் புது டர்போவும் இழுக்காது.

இப்போது உங்கள் 38 ஆயிரத்துக்கும் 14 ஆயிரத்துக்கும் வருவோம். 14 ஆயிரம் சொன்னவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: என்ன மாற்றுவீர்கள்? "ஷாஃப்டைப் பாலிஷ் போட்டு, புது புஷ், புது ரிங் போட்டுத் தருவேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நீலம் பாய்ந்த ஷாஃப்ட் வலுவிழந்த ஷாஃப்ட். அதோடு ஒரு லட்சம் சுற்றில் ஓடுகிற சாமானில் இம்மி எடை ஒரு பக்கம் கூடினாலும் அது தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். பாலன்சிங் மிஷினில் ஏற்றிப் பார்த்து, ஸ்லிப் தர வேண்டும். "முழு கோரும் (ஷாஃப்ட், சக்கரம், புஷ் சேர்ந்த நடுப்பகுதி) புதுசு, பாலன்ஸ் செய்த ஸ்லிப் உண்டு, கூடு மட்டும் உங்களுடையது" என்றால் அது நியாயமான வழிதான். காசு கம்மி என்கிற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க வேண்டாம். ஆனால் பிளேடு உரசிக் கூட்டின் சுவர் சுரண்டப்பட்டிருந்தால் பழைய கூடு உதவாது. அப்போது முழு டர்போ புதுசுதான், 38 ஆயிரத்தில் பேரம் பேசிப் பாருங்கள். எதுவானாலும் பில் வாங்குங்கள். ஆயில் வராமல் கருகிய டர்போவுக்கு வாரண்டி கேட்டால் எந்தக் கடையும் கை விரிக்கும், அதனால்தான் முன்னால் சொன்ன பைப், வலை எல்லாவற்றையும் அவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆயில் துவாரத்தில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். பிறகு கீழ்ப் பைப்பைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, டீசல் போகாதபடி பம்ப் ஃபியூஸையோ நாசில் கனெக்டரையோ எடுத்துவிட்டு, செல்ப் மட்டும் விட்டு விட்டு அடிக்கட்டும். டப்பாவில் ஆயில் விழுந்தால் பைப் திறந்திருக்கிறது. விழவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி ஏன் என்று தேட வேண்டும். கீழ்ப் பைப்பை மாட்டி ஸ்டார்ட் செய்தபின் சில நிமிடம் வெறும் ஐட்லிங். "சவுண்டு எப்படி இருக்கு பார்ப்போம்" என்று யாரும் உடனே ரேஸ் கொடுக்கக் கூடாது.

ஏர் ஃபில்டரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனால் புளியரையில் கேரளாவுக்குப் போகும் எம்-சாண்ட் லாரிகளின் பின்னாலேயே ஏறுகிறவர் நீங்கள், ஆலங்குளம் பக்கம் போனால் குவாரித் தூசி வேறு. பஞ்சர் கடையில் காற்றடித்துத் தட்டி மாட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்தில் காகிதம் ஊசிமுனை அளவு கிழியும், கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்குள் ஒரு பல்பைவிட்டு இருட்டில் பாருங்கள், வெளிச்சப் புள்ளி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஓணம் பற்றி: இத்தனையும் ஒழுங்காகச் செய்ய சில நாள் பிடிக்கும், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் இதில் பாதியை விட்டுவிடுவார். அத்தம் தொடங்கி உத்திராடம் வரை ஏத்தனுக்குக் கிராக்கி இருக்கும் என்பதால், முதல் இரண்டு லோடை வாடகை வண்டியில் அனுப்பிவிட்டு வேலையை நிதானமாகப் பார்ப்பதுதான் புத்தி. லாபம் குறையும், மார்க்கெட் வாடிக்கை கைவிட்டுப் போகாது.

டர்போவைக் கழற்றுகிற அன்றைக்கு ஆயில் துவாரத்தைத் துடைக்கும் முன்பே செல்போனில் கிட்டக்க வைத்து ஒரு படம் எடுங்கள். பேஸ்ட் துண்டு அகப்பட்டால் அதை ஒரு காகிதத்தில் மடித்து, மூன்று வாரத்துக்கு முந்தைய ஆயில் பில்லோடு சேர்த்து எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், நாளைக்கும் அதே ரோட்டில்தான் ஓட வேண்டும். படத்தைக் காட்டிச் செலவில் பங்கு கேளுங்கள். முழுசாகத் தராவிட்டாலும் கூலியையாவது கழித்துக்கொள்வார்.